இரு நிற நகம்

அத்தியாயம் 4

“டாக்டர், அந்தம்மா தம்பிக்கு மாத்திரையை அள்ளிப் போட்டாங்களா இல்லையா? மத்தியானம் மீட்டிங். அதுக்குள்ள உங்க மூளை எழுந்திரிக்குமா, இல்ல இன்னொரு காபி ஊத்தட்டுமா?” என்றாள் தீசா.

“எழுந்தாச்சு. பல் தேய்ச்சிட்டு இருக்கு,” என்றேன்.

நான் சிக்ஸ்டன். ஸ்வீடனின் வடக்கே, கிரான்விக் ஆஸ்பத்திரியில் மருந்தியல் டாக்டர். ஒரே உடம்புக்குள் ஒரு மருந்தும் இன்னொரு மருந்தும் மோதிக்கொண்டால் பஞ்சாயத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். தீசா மருந்தாளுநர், என் உதவியாளர். பஞ்சாயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே கிண்டல் செய்வதும் தன் வேலையில் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். துப்பறியும் மூளைக்காரன் என்று எனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

வழக்கு இதுதான். ஈகோன், அறுபதை நெருங்கும் பிரம்மச்சாரி. இளவயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, குளோசபின் என்ற மாத்திரையால் பல வருடங்களாக அமைதியாக இருப்பவர். கூடவே இருந்து வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா கூன்வோர். போன வாரம் ஈகோன் சாப்பாட்டு மேஜையிலேயே சரிந்து, வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். ரத்தத்தில் குளோசபின் கோடையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. எழுதிக் கொடுத்த அளவோ மாறவே இல்லை.

மாத்திரை தானாகக் குட்டி போடாது. யாரோ கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் இருப்பதோ அக்கா மட்டும். போதாக்குறைக்கு, வீட்டுக்கு வந்துபோகும் நகராட்சிப் பணிப்பெண்ணிடம், “அவன் தூங்கினாத்தான் எனக்கு நிம்மதி” என்று கூன்வோர் சொல்லிவைத்திருக்கிறார். நகராட்சி அதிகாரி விவெக்காவுக்கு அது போதும். ஈகோனை வேறு ஊர் விடுதிக்கு மாற்றுவது, அக்கா அந்தப் பக்கம் எட்டியே பார்க்கக் கூடாது, அப்புறம் போலீஸ். இதற்கெல்லாம் கையெழுத்துப் போடத்தான் அந்த மத்தியான மீட்டிங்.

முதலில் ஈகோனைப் பார்க்கப் போனோம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி மூடிய கண், கடைவாயில் எச்சில். அளவு மீறிய குளோசபின் இப்படித்தான் செய்யும். மேலுதடு லேசாக உப்பியிருந்தது. என் உதடும் அப்படித்தான் இருக்கும். ஸ்னூஸ், அதாவது உதட்டுக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம். எங்கள் ஊரில் அது உதட்டுக்குள் இருப்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும்.

“புகையிலைப் பழக்கம் உண்டா?” கேட்டாக வேண்டிய கேள்வி என்பதால் கேட்டேன்.

“உண்டு டாக்டர்.” பைஜாமா பையிலிருந்து வட்ட டப்பாவை எடுத்து நீட்டினார். “ஒண்ணு போட்டுக்கங்க.”

எடுத்துப் போட்டுக்கொண்டேன். உபசாரத்தைத் தட்டக் கூடாதல்லவா. கோடையில் யாரோ அவர் கோப்பில் பதிந்திருந்ததையும் பார்த்தேன். புகையிலை உண்டு. இப்போதும் உண்டு. மாற்றம் இல்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வாசகர்கள் இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

டப்பாவை நீட்டிய கையில் இரண்டு விரல் நகங்கள் விசித்திரமாக இருந்தன. நுனிப் பக்கம் பழுப்பேறிய மஞ்சள். அடிப் பக்கம் குழந்தை நகம் போலச் சுத்தம். நடுவில் கோடு கிழித்தது போல ஒரு எல்லை. என் மூளை சட்டென்று விழித்துக்கொண்டது.

“ஈகோன், படகுக்கு நீங்களே வார்னிஷ் அடிச்சீங்க, சரிதானே?”

“எங்கிட்ட படகு இல்லையே டாக்டர்.”

“அப்ப நாற்காலிக்கு.”

“எங்க வீட்டு நாற்காலி பிளாஸ்டிக்.”

தீசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

“அக்கா எப்ப வருவா டாக்டர்?” என்றார் ஈகோன். நாக்கு குழறியது. “அவமேல ஏதோ சொல்றாங்க. அவ ஒண்ணும் பண்ணலை.”

“பாத்துக்கறேன்” என்றேன். வழி தெரியாத டாக்டர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான்.

*

கூன்வோர் வீடு ஊருக்கு வெளியே, பனி மூடிய பைன் மரங்களுக்கு நடுவே. வாசற்படி ஓரம் ஒரு வாளி நிறையச் சூரியகாந்தி விதை. எங்களைப் பார்த்துக் குருவிகள் பறந்தன. தீசா வாளிக்குள் விரலை விட்டுக் கிளறினாள்.

“பசிக்குதா?” என்றேன்.

“விதைக்கு அடியில மணல் இருக்கு டாக்டர். குருவிக்கு எதுக்கு மணல்?”

“ஜீரணத்துக்கு,” என்றேன் கம்பீரமாக.

கூன்வோர் கதவைத் திறந்தார். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. அழுது முடித்து முகம் கழுவியிருந்தார். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனபோதுதான் கவனித்தேன், என் இடது காலுறையில் பெரிய ஓட்டை. கட்டைவிரல் முழுசாக வெளியே வந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வலது காலால் மறைத்துக்கொண்டு நடந்தேன். அதிகாரத் தோரணையோடு அப்படி நடப்பது கஷ்டம்.

முதலில் மாத்திரைகள். எங்கள் பக்கம் இயந்திரமே வேளைக்கு ஒரு பொட்டலமாகப் போட்டு, நீளச் சுருளாகச் சுற்றிக் கொடுத்துவிடும். தீசா சுருளைப் பிரித்துச் சரிபார்த்தாள்.

“சரியா இருக்கு. ஒரு பொட்டலம்கூடக் கூடுதலாக் கிழிக்கலை. வீட்ல வேற ஸ்டாக்கும் இல்ல. இந்த அம்மா கூடுதலாக் கொடுக்கணும்னா மருந்துக் கம்பெனியே நடத்தியிருக்கணும்.”

“அப்படின்னா வேற ஏதோ இந்த வீட்டுக்குள்ள புதுசா வந்திருக்கு,” என்றேன். “குளோசபினைக் கரைய விடாம உடம்புக்குள்ளயே தேக்கி வைக்கிற ஏதோ ஒண்ணு. அதைக் கண்டுபிடிச்சா முடிஞ்சுது.”

இது நல்ல துப்பு. சத்தியமாக நல்ல துப்பு. சில ஆன்டிபயாடிக் அப்படிச் செய்யும், சில மனச்சோர்வு மாத்திரைகள் செய்யும், அளவுக்கு மீறின காபிகூடக் கொஞ்சம் செய்யும். நான் மேஜையில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தேன்.

“சளி, காய்ச்சல்னு புதுசா மாத்திரை ஏதாவது?”

“இல்ல.”

“மூலிகைத் தேநீர்? விட்டமின்? பக்கத்து வீட்டுக்காரங்க கொடுத்த டானிக்?”

“நாங்க ரெண்டு பேரும் அதெல்லாம் தொடறதே இல்ல.”

“காபி கூடிப்போச்சா?”

“எப்பவும் குடிக்கிறதுதான்.” கூன்வோர் எனக்கும் ஊற்றி, ஏலக்காய் பன் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் அந்த பன்னையும் சந்தேகத்தோடு பார்த்தேன்.

“சாப்பிடுங்க டாக்டர். அது குற்றவாளின்னா வாயிலயே விசாரிச்சிடலாம்,” என்றாள் தீசா.

சாப்பிட்டேன். நிரபராதி.

“நகராட்சில எல்லாரும் இதையேதான் கேட்டாங்க,” என்றார் கூன்வோர். “என்ன புதுசாக் கொடுத்தே, என்ன சேர்த்தேன்னு. எதுவும் சேர்க்கலைன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அவன் தூங்கினா நிம்மதின்னு சொன்னேன், ஆமா. அவன் ராத்திரி பூரா அந்தக் குரல்களோட சண்டை போட்டுட்டு இந்த அறையில நடந்த வருஷங்களைப் பாத்தவ நான். அவன் தூங்கினா அவனை யாரும் திட்டலைன்னு அர்த்தம். அந்த நிம்மதி. அதைப் போய் இப்படி எடுத்துக்கிட்டாங்களே.”

இந்த அம்மாவை நம்பினேன். ஆனால் நம்பிக்கையை மீட்டிங்கில் மேஜைமேல் எடுத்து வைக்க முடியாது. கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஒரு துப்பும் இல்லை.

அவர் இன்னும் காபி எடுத்துவர எழுந்தபோது, மறந்துபோய்க் காலை நீட்டிவிட்டேன். தீசாவின் பார்வை நேராக ஓட்டையில் போய் விழுந்தது.

“டாக்டர், உங்க கட்டைவிரலும் விசாரணைக்கு வந்திருக்கு போல. அது ஏன் பாதி கறுப்பு?”

“கோடையில படகை இழுக்கறப்ப கட்டைவிரலை நசுக்கிடுச்சு. முழு நகமும் கறுத்துப்போச்சு.”

“முழுசும்னா, இப்ப அடியில நல்லா இருக்கே.”

“நகம் வளருதுல்ல? கீழேயிருந்து புது நகம் வந்து பழசை முன்னால தள்ளும். கறுப்பு நுனிப் பக்கம் போயிடுச்சு. எப்ப அடிபட்டுச்சோ அது வரைக்கும் கறுப்பு, அதுக்கப்புறம் வளர்ந்தது…”

நிறுத்திவிட்டேன். தீசாவும் கிண்டலை நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் என் கால் கட்டைவிரலையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஈகோன் நகம்,” என்றாள் அவள். “நுனியில மஞ்சள். அடியில சுத்தம்.”

“வலது கை. ஆள்காட்டி விரல், நடு விரல். தீசா, அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல மனுஷன் எதைப் பிடிப்பான்?”

“வாளியில மணல்,” என்றாள் தீசா மெதுவாக. “சிகரெட் அணைக்கிற வாளி. குருவிக்கு ஜீரணம் பண்ண இல்ல.”

சமையலறையிலிருந்து வந்த கூன்வோரிடம் கேட்டேன். “ஈகோன் சிகரெட் பிடிச்சிட்டு இருந்தாரா?”

“சின்ன வயசுலேர்ந்து. ஒண்ணு அணையறதுக்குள்ள இன்னொண்ணு. வீடே மஞ்சளா இருந்துச்சு.” அவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. “இலையெல்லாம் உதிர்ந்த சமயத்துல சுத்தமா விட்டுட்டான். கசக்குதுன்னான். இப்ப ஸ்னூஸ்தான். நான் திரைச்சீலையெல்லாம் தோய்ச்சுப் போட்டேன். என் இருமல்கூட இப்ப எவ்வளவோ தேவலை.”

“இதை ஏன் யாருகிட்டயும் சொல்லலை?”

“எல்லாரும் கெட்டது என்ன நடந்துச்சுன்னுதானே கேட்டாங்க? இது நல்ல காரியமாச்சே டாக்டர். நல்லதையும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லணுமா என்ன?”

நான் உதட்டுக்குள்ளிருந்த பொட்டலத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். ஈகோன் டப்பாவிலிருந்து எடுத்தது. வழக்கின் முக்கியத் தடயத்தைக் காலையிலிருந்து வாயில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். துப்பறியும் உலகத்தில் இதை வேறு யாரும் சாதித்திருக்க மாட்டார்கள்.

*

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம், கூன்வோரையும் கூட்டிக்கொண்டு. அவரை மீட்டிங் அறைக்கு அனுப்பிவிட்டு, ஆவல் அடங்காமல் நேராக ஈகோன் கட்டிலுக்குப் போனேன்.

“கண்டுபிடிச்சிட்டேன் ஈகோன். நீங்க சிகரெட்டை விட்டீங்க பாருங்க, அதனாலதான் இவ்வளவும். உங்க அக்கா மாட்டினதும் அதனாலதான்.”

அவர் என்னையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதால் அவர் தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

விவெக்கா கெட்டவர் அல்ல. எங்கேயாவது ஒரு ஈகோன் செத்துப்போனால் தூங்க முடியாத ரகம், அவ்வளவுதான். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

“கல்லீரல்ல குளோசபினை உடைச்சு வெளிய தள்ற ஆளுங்க இருக்காங்கன்னு வெச்சுக்கங்க,” என்றேன். “சிகரெட் புகை உள்ள போகப் போக, அந்த ஆளுங்க கூட்டமா வேலைக்கு வருவாங்க. மாத்திரை வேகமாக் கரையும். அதனால ஈகோனுக்கு எப்பவுமே பெரிய அளவு தேவைப்பட்டுச்சு. புகை நின்னுச்சு. ஆளுங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. அளவு மட்டும் குறையலை. அதே மாத்திரை உள்ளயே தேங்கிப்போச்சு.”

“ஆனா அவர் இன்னும் புகையிலை போடறாரே,” என்றார் விவெக்கா. “பதிவுலயும் அப்படித்தானே இருக்கு?”

“ஸ்னூஸ்ல நிக்கோடின் இருக்கு, புகை இல்ல. கூட்டத்தைக் கூப்பிடறது புகைதான். எங்க எல்லாருக்கும் ரெண்டும் ஒண்ணுன்னு ஒரு நினைப்பு. கேள்வியையே நாங்க தப்பாக் கேட்டிருக்கோம்.”

“நாங்கன்னா டாக்டர் மட்டும்தான்,” என்று தீசா விவெக்காவுக்கு விளக்கினாள்.

விவெக்கா யோசித்தார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. “இதெல்லாம் நியாயமாத்தான் படுது. ஆனா அவர் சிகரெட்டை விட்டாருன்னு சொல்றது இந்த அம்மா. தன் மேல பழி வராம இருக்க யார் வேணாலும் எதையும் சொல்லலாம். வேற சாட்சி இருக்கா?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல எழுந்து நின்றேன். “இருக்கு. ஈகோனோட விரல். அழைச்சிட்டு வரச் சொல்லுங்க.”

நர்ஸ் போய்விட்டுத் தனியாக வந்தாள். கட்டிலில் ஆள் இல்லை. அவர் பிடித்துக்கொண்டு நடக்கும் தள்ளுவண்டியையும் காணோம்.

தீசா ஜன்னலுக்குப் போனாள். “டாக்டர், உங்க சாட்சி கேட்டுக்கு வெளிய நிக்குது. கையில சிகரெட்டோட.”

கூன்வோர் வாயைப் பொத்திக்கொண்டார். விவெக்காவின் பேனா நேராகிக் காகிதத்துக்கு மேல் வந்தது. விட்டதாகச் சொன்ன மனுஷன் கேட்டில் சிகரெட்டோடு நின்றால் அவர்தான் என்ன நினைப்பார்.

ஓடினேன். கோட்டு இல்லாமல், மெல்லிய ஆஸ்பத்திரிச் செருப்போடு. பாதை முழுக்கக் கண்ணாடி போலப் பனிக்கட்டி. பாதி தூரம் கால்களால் போனேன், மீதியை முதுகால். ஈகோன் காலடியில் போய் நின்றேன், அதாவது படுத்தேன்.

ஈகோன் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். யாரோ வழிப்போக்கரிடம் வாங்கிய சிகரெட் உதட்டில். லைட்டர் காற்றில் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கிளிக், கிளிக்.

“பத்த வைக்காதீங்க,” என்றேன் தரையிலிருந்து.

“ஒரு சிகரெட்ல ஒண்ணும் ஆயிடாது டாக்டர், எலும்பு இருக்கான்னு பாருங்க முதல்ல,” என்றபடி தீசா வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் விவெக்காவும் கூன்வோரும்.

ஈகோன் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். “டாக்டர்தானே சொன்னாரு,” என்றார் குழறலாக. “நான் இதை விட்டதாலதான் அக்கா மாட்டிக்கிட்டான்னு. திரும்ப ஆரம்பிச்சா எல்லாம் பழையபடி ஆயிடும்ல? அவளை ஒண்ணும் பண்ண மாட்டீங்கல்ல?”

நான் எழுந்திருக்கக்கூட முயற்சி செய்யவில்லை. எனக்கு அந்த இடம்தான் பொருத்தமாகத் தோன்றியது. அரைகுறையாகச் சொல்லிவிட்டுத் தோளைத் தட்டிவிட்டு வந்தவன் நான்.

“தப்பு என்னுது ஈகோன்,” என்றேன். “நீங்க விட்டது சரி. நாங்க மாத்திரையைக் குறைக்காம விட்டதுதான் தப்பு. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, ரத்தத்தைப் பாத்துப் பாத்துச் சரி பண்ணிடுவோம். நீங்க அந்த மாத்திரையைச் சாப்பிடற வரைக்கும் சிகரெட் விஷயத்துல எது செஞ்சாலும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும். விட்டாலும் சரி, தொட்டாலும் சரி.”

விவெக்கா குனிந்து, லைட்டர் பிடித்திருந்த கையை மெல்லத் திருப்பினார். நகங்களைப் பார்த்தார். நுனியில் பழைய மஞ்சள், அடியில் இலையுதிர் காலத்திலிருந்து வளர்ந்த சுத்தமான நகம், நடுவில் அந்தக் கோடு. விரலால் கோட்டைத் தடவினார்.

“விடுதி வேண்டாம்,” என்றார். “மருந்து அளவு இறங்கினதும் இவர் வீட்டுக்கே போகட்டும். கூன்வோர், உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்.”

கூன்வோர் அதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. தம்பியின் உதட்டிலிருந்து சிகரெட்டை எடுத்து, ஒடித்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

“கசக்குதுன்னுதானே விட்டேன்னு சொன்னே?”

“கசக்கத்தான் செஞ்சுது,” என்றார் ஈகோன். “நீ இருமறது கேக்கறப்பல்லாம்.”

கூன்வோர் தன் மஃப்ளரைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றினார். ஒரு சுற்று போதும். மூன்று சுற்று சுற்றினார்.